விந்தணுக் குறைபாடு: லட்சங்களைக் கட்டும் முன் எந்த வழி யாருக்கு?

கவுன்ட் குறைவு என்று ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்த வாரத்திலேயே பல தம்பதிகள் இக்ஸி (முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்தும் செயற்கைக் கருத்தரிப்பு) பேக்கேஜ் என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு சுற்றுக்கு ஊசி, மருந்து, மயக்க மருந்து, லேப் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை வந்து நிற்கும். சேமிப்பு போதாமல் நகை அடகுக்குப் போகும். இவ்வளவும் செய்தபின், கணவருக்கு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லை என்று தெரியவரும் குடும்பங்கள் குறைவல்ல.

எந்த வழியில் போவது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: கணவரின் குறைபாட்டுக்குக் காரணம் என்ன, மனைவியின் வயதும் கருமுட்டை இருப்பும் எப்படி, திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு. முதல் இரண்டும் தெரியாமல் மூன்றாவதைப் பேசுவதில் பயனில்லை.

முதல் ரிப்போர்ட்டோடு நிற்காதீர்கள்

விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். ஆகவே முதல் ரிப்போர்ட் மோசமாக இருந்தால் ஒரு மாத இடைவெளி விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுப்பது நல்லது.

மாதிரி எடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி இருக்க வேண்டும். பதினைந்து நாள் காத்திருந்தால் எண்ணிக்கை கூடலாம், அசைவு கெட்டுப்போகும். எச்சில், சோப்பு, எண்ணெய் எதுவும் படக் கூடாது. சாதாரண ஆணுறையில் சேகரித்தால் அதில் தடவியிருக்கும் பொருளே அணுக்களைக் கொன்றுவிடும். விந்தணுக்களில் பெரும்பகுதி முதல் சொட்டுகளில்தான் இருக்கிறது. அது டப்பாவுக்கு வெளியே சிந்திவிட்டால் ரிப்போர்ட்டையே நம்ப முடியாது. சிந்தியதை லேபில் சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே, சட்டையின் உள்பக்கம் வைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஐஸ் கூடாது.

உலக சுகாதார அமைப்பு 2021ல் வெளியிட்ட ஆறாம் பதிப்பின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், மொத்தம் 3.9 கோடி, மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இயல்பாகக் கருத்தரிக்க வைத்த ஆண்களில் கடைசி ஐந்து சதவீதம் பேர் எங்கே இருந்தார்களோ அதுதான் இந்தக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைகிறது, அற்றுப்போவதில்லை. வடிவம் 3 சதவீதம் என்பதைப் பார்த்து, ‘நூற்றுக்கு 97 பழுது’ என்று பதறிப்போய் நேராக இக்ஸிக்குப் போகிறவர்கள் உண்டு. மற்ற எண்கள் நன்றாக இருக்கும்போது வடிவம் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய முதல் எண் மொத்த அசையும் அணுக்கள். அளவை எண்ணிக்கையால் பெருக்கி, அசைவுச் சதவீதத்தால் மறுபடி பெருக்க வேண்டும். உதாரணமாக, அளவு 2 மில்லி, ஒரு மில்லியில் 60 லட்சம், அசைவு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.2 கோடி, அதில் அசைபவை 42 லட்சம். லேபில் கழுவிப் பிரிக்கும்போது இதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் கைக்கு வரும், அதாவது 15 முதல் 20 லட்சம். ஐயூஐக்கு, அதாவது கழுவிய விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் முறைக்கு, இது பலவீனமான எண். அதே ஆணுக்கு ஒரு மில்லியில் 1.5 கோடி இருந்தால் கணக்கே வேறு. அதனால் கழுவிய பின் எத்தனை அசையும் அணுக்கள் என்று எழுதி வாங்காமல் ஐயூஐ பற்றிய முடிவுக்கு வராதீர்கள்.

பதினைந்தாயிரத்துக்குள் முடியும் சோதனைகள்

மில்லியில் ஒரு கோடிக்குக் கீழே எண்ணிக்கை இருந்தால் எஃப்எஸ்எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பார்க்க வேண்டும். 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ விந்தணுவே இல்லாவிட்டாலோ குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் நுண்இழப்புச் சோதனையும் சேர வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து, பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும். இதைச் செய்யாமல் லட்சக்கணக்கில் கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய வீண்செலவு. ஆண்களுக்கான இனப்பெருக்க மருத்துவத்தில் பயிற்சி உள்ள ஒரு யூராலஜிஸ்ட் கையால் தொட்டுப் பரிசோதிப்பதும் இதில் அடக்கம். பல இடங்களில் கணவரை யாரும் பரிசோதிப்பதே இல்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தச் சோதனைகளில் சிலருக்கு மலிவான சிகிச்சை இருப்பது தெரியவரும். எஃப்எஸ்எச், எல்எச் (டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் மூன்றுமே தாழ்ந்திருந்தால் கோளாறு மூளையடிச் சுரப்பியின் பக்கம். சிறு வயதிலிருந்தே வாசனை தெரியாதவர்களுக்கு இது பிறவியிலேயே இருக்கலாம். எல்எச் போல வேலை செய்யும் எச்சிஜி ஊசி வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதம் கழித்து எஃப்எஸ்எச் ஊசி என்று போட்டால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு வந்துவிடும். ஆண் மலட்டுத்தன்மையில் மருந்தாலேயே தீரும் அபூர்வமான வகை இது.

ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி, ‘சோர்வுக்கு’ என்று எழுதித் தரப்படும் டெஸ்டோஸ்டிரோன் இரண்டுமே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். இந்த ஊசிகளை விட்டுவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் பலருக்கு மீள்கிறது. குழந்தைக்கு முயலும் எந்த ஆணும் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கக் கூடாது.

பல வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு விந்தின் அளவு மிகக் குறைவாக, அல்லது ஒன்றுமே வராமல் இருந்தால், அது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். உறவுக்குப் பிந்தைய சிறுநீரைச் சோதித்தாலே தெரிந்துவிடும். சில நூறு ரூபாய்ச் சோதனை. அதிலிருந்து எடுத்த அணுக்களை ஐயூஐக்கோ இக்ஸிக்கோ பயன்படுத்தலாம்.

சத்து மாத்திரைகள் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று கரைக்கின்றன. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வில், 2020ல் வெளியான முடிவின்படி, குழந்தைப் பிறப்பு கூடவில்லை. புகையிலையை விடுவது, எடை குறைப்பது, அடுப்பு, கொதிகலன் போன்ற வெப்பத்தின் அருகே வேலை செய்வதைக் குறைப்பது இவற்றுக்குச் செலவில்லை, பலன் உண்டு.

வெரிகோசீல் அறுவையா, நேராக இக்ஸியா?

விதைப்பையின் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது வெரிகோசீல். கையால் தொட்டாலே தெரியும் அளவுக்கு இருந்து, விந்து ரிப்போர்ட்டும் கெட்டிருந்தால் அறுவைக்குப் பொருள் உண்டு. ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு வெரிகோசீலுக்கு அறுவை தேவையில்லை. அதனால் பலன் இல்லை என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ‘கிரேடு ஒன்று, ஸ்கேனில் இருக்கிறது’ என்பதற்காகத் தேதி குறித்துக்கொள்ளாதீர்கள்.

நுண்ணோக்கி வைத்து அடிவயிற்றுக்குக் கீழே சிறு கீறலில் செய்யும் முறைதான் நல்லது. தனியார் மருத்துவமனையில் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை ஆகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜி பிரிவில் செலவில்லாமல் ஆகும். நுண்ணோக்கி இல்லாமல் செய்தால் மறுபடி புடைப்பதும், விதையைச் சுற்றி நீர் கோப்பதும் அதிகம். அறுவைக்குப் பின் பாதிப் பேருக்கும் மேல் எண்ணிக்கை முன்னேறுகிறது. அது தெரியவரவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்.

அந்த ஆறு மாதம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. மனைவிக்கு 27 வயது, ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நன்றாக இருக்கிறது என்றால் அறுவையே முதல் வழி. இயல்பாகவே கருத்தரிக்கலாம், இல்லாவிட்டாலும் இக்ஸி தேவைப்பட்டவர் ஐயூஐ போதும் என்ற நிலைக்கு வரலாம். இரண்டாவது குழந்தைக்கும் அதே அறுவை உதவும், இக்ஸியோ ஒவ்வொரு முறையும் புதுச் செலவு. மனைவிக்கு 37 வயது என்றால் ஆறு மாதத்தை இழப்பது அறுவைச் செலவைவிடப் பெரிய இழப்பு. அங்கே நேராக இக்ஸிக்குப் போவதே சரி.

ஐயூஐயும் இக்ஸியும்

ஐயூஐ ஒரு சுற்றுக்கு மாத்திரை, ஸ்கேன் உட்பட பத்திலிருந்து இருபதாயிரம். கழுவிய பின் 50 லட்சத்துக்கு மேல் அசையும் அணுக்கள், மனைவிக்கு 35க்குக் கீழ் வயது, கருக்குழாய் இரண்டும் திறந்திருக்கிறது என்றால் ஒரு சுற்றில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் கருத்தரிப்பார்கள். மூன்று சுற்று முடிவதற்குள் நான்கில் ஒரு தம்பதி. செலவு ஐம்பதாயிரம் சொச்சம். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு ஐயூஐயைத் தாண்டிக் குதிக்கக் காரணமில்லை. 10 லட்சத்துக்குக் கீழே போனால் வாய்ப்பு மிகவும் சொற்பம். அங்கே ஆறு ஐயூஐ செய்வது பணத்தையும் மனைவியின் வயதையும் சேர்த்து விரயமாக்குவது. எண் நன்றாக இருப்பவர்களுக்கும் மூன்று சுற்று, அதிகம் போனால் நான்கு. அதற்கு மேல் அதே வழியில் தள்ளும் இடத்தில் காரணம் கேளுங்கள். கருக்குழாயைப் பரிசோதிக்காமல் ஐயூஐ தொடங்கும் இடத்திலும் கேளுங்கள்.

இக்ஸியில் ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு அணுவை ஊசியால் செலுத்துகிறார்கள். பெல்ஜியத்தில் 1992ல் இதன் முதல் கருத்தரிப்புகள் அறிவிக்கப்பட்ட பிறகுதான் கடும் விந்தணுக் குறைபாடு உள்ள ஆண்களுக்கும் சொந்தக் குழந்தை சாத்தியமானது. ஆனால் எண்கள் படிப்படியாக உதிர்வதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 12 முட்டை எடுத்தால் 9, 10 முதிர்ந்திருக்கும். அதில் 6, 7 கருவாகும். ஐந்தாம் நாள் வரை வளர்ந்து நிற்பவை மூன்று இருந்தால் நல்ல சுற்று. முட்டை எடுத்த மறுநாள் ‘ஏழு கரு’ என்று கேட்டு மகிழ்ந்த வீட்டில் ஐந்தாம் நாள் ‘இரண்டு’ என்று வரும்போது ஏதோ தவறு நடந்துவிட்டதாகத் தோன்றும். தவறில்லை, இதுதான் இயல்பு.

பிரிட்டனின் கருத்தரிப்புக் கண்காணிப்பு ஆணையக் கணக்கில், 35 வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணுக்கு வைக்கப்படும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று அளவில் இருக்கிறது. 43, 44 வயதில் இருபதில் ஒன்று. கோளாறு கணவரிடம் இருந்தாலும் பலனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மனைவியின் வயது. ஊசியும் அவருக்குத்தான்: பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் தினமும், பிறகு மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சினைப்பை வீங்கி நீர் கோக்கும் அபாயம். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அவர்களுக்குக் கருவை உடனே வைக்காமல் உறையவைத்து அடுத்த மாதம் வைப்பதே பாதுகாப்பு. குறை கணவருக்கு என்று தெரிந்த பிறகும் உறவினர் வீடுகளில் மனைவியையே பேசுகிறார்கள். சிகிச்சையின் வலியையும் அவர் தாங்கும்போது, எத்தனை சுற்று என்பதில் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும்.

விந்தணுவே இல்லை என்று வந்தால்

இதில் இரண்டு வகை. இரண்டுக்கும் செலவும் வாய்ப்பும் வேறுவேறு. உற்பத்தி நன்றாக இருந்து வழி அடைபட்டிருப்பது ஒன்று. விதைகள் சாதாரண அளவு, எஃப்எஸ்எச் சாதாரணம். பழைய தொற்று, காசநோய், ஹெர்னியா அறுவை, பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமை ஆகியவை காரணங்கள். ஊசியால் அணுக்களை எடுத்துவிடலாம்; கூடுதல் செலவு பெரும்பாலும் முப்பதாயிரத்துக்குள். பிறவியிலேயே குழாய் இல்லாதவர் என்றால் மனைவிக்கும் சேர்த்து சிஎஃப்டிஆர் மரபணுச் சோதனை செய்ய வேண்டும். இருவரிடமும் அந்தக் குறை இருந்தால் குழந்தைக்குக் கடுமையான நுரையீரல் நோய் வரலாம்.

உற்பத்தியே குறைந்திருப்பது இரண்டாவது. சிறிய விதைகள், உயர்ந்த எஃப்எஸ்எச். இங்கே சாதாரண ஊசி பெரும்பாலும் ஏமாற்றும். மைக்ரோ டீசே என்ற முறையில் விதையைத் திறந்து, நுண்ணோக்கியில் தடித்த நுண்குழல்களைத் தேடி எடுக்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஷ்லேகல் 1999ல் விவரித்த முறை இது. அணு கிடைப்பது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. கட்டணம் எழுபதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம், இக்ஸி செலவு தனி.

ஒய் குரோமோசோம் சோதனையின் அருமை இங்கேதான் தெரியும். ஏஇசட்எஃப் (விந்தணு உற்பத்திக்கான ஒய் குரோமோசோம் பகுதி) ஏ அல்லது பி பகுதி முழுவதுமாக இழந்திருந்தால் அணு கிடைக்காது. அறுவை செய்வதில் பொருளில்லை. சி பகுதி மட்டும் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை வரும். அதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

மைக்ரோ டீசேயை எப்போது செய்வது என்பதிலும் பணம் இருக்கிறது. மனைவிக்கு முட்டை எடுக்கும் நாளிலேயே செய்தால் புதிய அணுக்கள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதுவரை போட்ட ஊசிச் செலவு போய்விடும், முட்டைகளை உறையவைக்கவோ தான அணுவைப் பயன்படுத்தவோ வேண்டியிருக்கும். முன்கூட்டியே செய்து உறையவைத்தால் மனைவிக்கு வீண் ஊசி இல்லை. ஆனால் நாலைந்து அணுக்களே கிடைத்திருந்தால் உருக்கும்போது பிழைக்காமல் போகலாம். நிதி நெருக்கடி உள்ளவர்களுக்கு முன்கூட்டியே செய்வதுதான் எங்கள் பரிந்துரை. ‘பார்ப்பதற்கு மட்டும்’ என்று செய்யும் பயாப்ஸியைத் தவிருங்கள். அணு கிடைத்தால் அப்போதே உறையவைக்கும் வசதி இருக்கும் இடத்தில்தான் விதையைத் திறக்க வேண்டும்.

பேக்கேஜுக்குள் என்ன இல்லை

‘ஒரு லட்சத்துக்கு இக்ஸி’ என்ற விளம்பரத்தில் பெரும்பாலும் ஊசிகள் சேராது. அவை மட்டுமே ஐம்பதாயிரத்தைத் தாண்டும். முட்டை இருப்பு குறைவு என்றால் இன்னும் கூடும். விந்தணு எடுக்கும் அறுவை, கருவை உறையவைப்பது, வருட வாடகை, உறைந்த கருவை வைக்கும் சுற்று எல்லாம் தனித்தனி. கையெழுத்துப் போடும் முன் இவை ஒவ்வொன்றுக்கும் தொகை எழுதி வாங்குங்கள்.

வெற்றி சதவீதம் சொன்னால் எதற்கு எது என்று கேளுங்கள். ‘எழுபது சதவீதம் பாசிட்டிவ்’ என்பது ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களைக் குறிக்கலாம். இதயத்துடிப்பு வந்ததும் குழந்தை பிறந்ததும் அதைவிடக் குறைவு. தொடங்கிய சுற்றுகளில், உங்கள் மனைவியின் வயதுப் பிரிவில், எத்தனை குழந்தை பிறந்தது என்பதுதான் கேள்வி.

கூடுதல் சேவைகளில் கவனம் தேவை. ஹயலூரோனன் கொண்டு அணுவைத் தேர்ந்தெடுக்கும் பிக்ஸி முறையை 2,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் பிரிட்டனில் சோதித்தபோது, குழந்தைப் பிறப்பு கூடவில்லை என்று 2019ல் முடிவு வந்தது. டிஎன்ஏ சிதைவுச் சோதனை தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தேவையில்லை. திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்கு அதற்கு இடமுண்டு.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மலட்டுத்தன்மைச் சிகிச்சை, இந்திய மருத்துவ பாலிசிகளில் 17ஆம் எண் விலக்காகவே பொதுவாக இருக்கும். சேர்த்துத் தரும் சில பாலிசிகளிலும் வருடக்கணக்கில் காத்திருப்பு உண்டு. அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. இளம் வயதுத் தம்பதிகள் அங்கே முதலில் விசாரிப்பது நல்லது.

கடன் வாங்குவதாக இருந்தால் ஒரு சுற்றுக்கு அல்ல, இரண்டு சுற்றுக்குக் கணக்குப் போடுங்கள். ஒரே சுற்றுக்கான பணத்தோடு உள்ளே போகிறவர்கள், அது தோற்ற துக்கத்திலேயே அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். நிறுத்தும் இடத்தைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இத்தனை சுற்று, இத்தனை ரூபாய், இந்த வயது.

தான விந்தணுவும் தத்தும்

அணு கிடைக்காதபோது, அல்லது இக்ஸிக்கு வசதி இல்லாதபோது, தான விந்தணுவோடு ஐயூஐ செய்தால் சுற்றுக்கு இருபது, இருபத்தைந்தாயிரத்தில் முடியும். மனைவிக்கு வேறு கோளாறு இல்லையென்றால் வாய்ப்பும் நல்ல வாய்ப்புதான். மருத்துவக் கணக்கில் மலிவான, பலன் நிறைந்த வழி இது; மனத்தளவில் கடினமானது.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி அணு பதிவுபெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும். தானம் செய்தவர் யார் என்று சொல்லமாட்டார்கள். ஒருவரின் அணுவை ஒரு தம்பதிக்கு மட்டுமே வங்கி தரலாம். பிறக்கும் குழந்தை சட்டப்படி உங்கள் குழந்தை. தானம் செய்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. ‘தம்பியிடமிருந்து எடுத்துக்கொள்ளலாமே’ என்று குடும்பத்தில் யோசனை வரும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கணவரின் மாதிரியோடு கலந்துவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள். இருவரும் முழு மனதோடு கையெழுத்துப் போடும் வரை இதைத் தொடங்கக் கூடாது. மனைவிக்கு 50, கணவருக்கு 55 என்ற வயது வரம்பும் அதே சட்டத்தில்தான்.

தத்து எடுப்பதற்குப் பணம் தடையில்லை; மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குள். தடையாக இருப்பது காலம். மத்திய தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, கைக்குழந்தைக்காக மூன்று வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திருமணமாகி இரண்டு வருடம் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி வயதின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. சிகிச்சையிலேயே ஏழெட்டு வருடத்தைக் கழித்துவிட்டு 44, 42 வயதில் வந்து நிற்பவர்களுக்குக் கைக்குழந்தைக்கான கதவு அங்கேயே மூடிவிடுகிறது. அதனால் தாளில் எழுதும் நிறுத்தும் வயதை, மருத்துவமனை சொல்லும் வரம்பை வைத்து எழுதாமல், இந்த 85ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுங்கள்.